கண்ணாடி விரியன் கடியும் உடலின் ஒழுங்கும்

யாங்கூனைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தால், அங்கே நடக்கும் மிக முக்கியமான சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைச் சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் ஒன்றில் விடுகிறார்கள். 20 நிமிடம் அதை யாரும் தொடக் கூடாது. பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் கட்டியாகி அடியிலேயே நின்றால் ஆறுதல். தண்ணீராய் வழிந்தால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, நச்சுமுறி மருந்தைத் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடிப் பரப்பில் படுவதுதான் ரத்தத்தை உறையத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயிலோ விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று மருத்துவரை ஏமாற்றிவிடும். பாம்பு பல் பதித்தது கணுக்காலில். அதற்குச் சாட்சி சொல்வதோ கையிலிருந்து எடுத்த ரத்தம். அதே கடி ஓரிரு நாளில் சிறுநீரை நிறுத்துகிறது. பிழைத்தெழுந்தவர்களில் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மீசையும் தாடியும் வளர்வது நின்றுபோகிறது. காலுக்கும் மீசைக்கும் நடுவே என்ன வழி இருக்கிறது என்று தேடிப்போனால், மனித உடல் எப்படி அமைந்திருக்கிறது என்ற பெரிய கேள்விக்கே விடை கிடைக்கும்.

பள்ளிக்கூடத்தில் உடலை மண்டலம் மண்டலமாகப் படிக்கிறோம். எலும்பு, தசை, தோல், நரம்பு, நாளமில்லாச் சுரப்பி, ரத்த ஓட்டம், நிணநீர், சுவாசம், செரிமானம், கழிவுநீக்கம், இனப்பெருக்கம் எனப் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம், ஒரு படம், பாட முடிவில் ஐந்து மதிப்பெண் வினா. எல்லாம் முடிந்த பிறகு, இவை யாவும் ஒன்றோடொன்று இணைந்து செயல்படுகின்றன என்று ஒரு வரி வரும். மாணவர் அதைப் படிக்காமலே தேர்ச்சி பெற்றுவிடலாம். உண்மையில் பாடமே அந்த ஒரு வரிதான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. மண்டலங்கள் என்பவை படிக்கும் வசதிக்காக நாம் போட்டுக்கொண்ட எல்லைகள். உடலை உடலாக வைத்திருப்பது அந்த எல்லைகளைக் கடந்து ஓடும் திரவமும், அதன் அளவு, அழுத்தம், சேர்மானம் மூன்றையும் குறுகிய வரம்புக்குள் நிறுத்த எல்லா உறுப்புகளும் ஓயாமல் படும் பாடும்தான். உறுப்புகள் ஒன்றுக்கொன்று உதவி செய்கின்றன என்று சொல்வது அழகான பேச்சு. ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே நீரில் பசியாறி, ஒரே நீரில் கழிவை விடுகின்றன, அதனால் ஒன்றை விட்டு ஒன்று பிழைக்க முடியாது என்பதே நிலவரத்துக்கு நெருக்கமான பேச்சு. உடலின் வலிமைக்கும் அது நொறுங்கும் விதத்துக்கும் காரணம் இந்த ஒரே ஏற்பாடு.

இதற்கு முதல் ஆதாரம் வெறும் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ரான் செண்டர், ஷாய் ஃபுக்ஸ், ரான் மிலோ என்ற மூவர் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் சிவப்பணுக்கள். எடையில் தசையும் கொழுப்பும் முந்திக்கொள்ளும், தலைக்கணக்கு எடுத்தால் நாம் பெரும்பாலும் ரத்தம்தான். செல்கள் திசுவாகவும், திசுக்கள் உறுப்பாகவும், உறுப்புகள் மண்டலமாகவும் சேர்கின்றன என்ற ஏணிப்படி வரிசை சரியானதே. ஆனால் அந்த ஏணியில் எந்தப் படியில் இருக்கும் செல்லும், கண்ணின் கருவிழிப் படலம், குருத்தெலும்பு போன்ற சில இடங்களைத் தவிர, ஒரு ரத்தத் தந்துகியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தொலைவுக்குள்தான் வாழ்கிறது. அதைவிடத் தள்ளிப்போனால் ஆக்சிஜன் எட்டாது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. உடலில் உள்ள மொத்த ரத்தமே அவ்வளவுதான். ஆக, ஓரிடத்தில் கலந்த பொருள் ஒரு நிமிடத்துக்குள் எல்லா உறுப்புகளின் வாசலையும் தொட்டுவிடும். பிரெஞ்சு உடலியலாளர் க்ளோத் பெர்னார் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் திரவத்தை உயிரியின் உட்சூழல் என்று அழைத்தார். வெளியே வெயிலும் மழையும் மாறினாலும், உள்ளே ஒரு மாறாத சூழலை உண்டாக்கிக்கொண்டதால்தான் உயர்நிலை உயிர்கள் சுதந்திரமாக நடமாடுகின்றன என்றார். அமெரிக்காவின் வால்டர் கேனன் 1926இல் அதற்கு வைத்த பெயரைத்தான் நம் பாடநூல்கள் தன்னிலை காத்தல் என்று எழுதுகின்றன.

பெர்னாரும் கேனனும் ஆய்வுக்கூடத்தில் கண்டதை மனிதரிடத்தில், அதுவும் இரக்கமில்லாத வடிவில், காட்டிய இடம் பர்மா, இன்றைய மியான்மர். 1852இல் கீழ்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போன பின், ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்பும் காடும் அழிந்து நெல்வயலாயின. நகரத்தார் கொடுத்த கடனும், தஞ்சை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கப்பலேறிய கூலிகளின் உழைப்பும் அந்த வயல்களில் கலந்திருக்கின்றன. நெல் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் விரியன் வரும். ஆளைக் கண்டதும் ஓடாமல் சுருண்டு கிடக்கும் பாம்பு இது. வெறுங்காலோடு உழுகிறவரும் அறுக்கிறவரும் மிதித்துவிடுகிறார்கள். இந்தியாவில் விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் 1796இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய நூலில் இதை வரைந்து வைத்தார், இதன் ஆங்கிலப் பெயர் அவர் பெயரிலிருந்தே வந்தது. மியான்மரிலும் தாய்லாந்திலும் வாழ்வதை இப்போது தனி இனமாக வகைப்படுத்துகிறார்கள். 1963இல் ரங்கூனில் (இன்றைய யாங்கூனில்) தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், இன்றைய மருத்துவ ஆராய்ச்சித் துறையில், இந்தக் கடியை ஒரு தலைமுறை அறிஞர்கள் தங்கள் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். துன் பே, மியின்ட் லுவின், தின் நு ஸ்வே ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் வாரல், ரோட்னி ஃபிலிப்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1985இலும் 1987இலும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரைகள் இத்துறையில் இன்றைக்கும் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியவை. வசதி குறைந்த ஒரு நாட்டில், உலகத் தொடர்பு சுருங்கியிருந்த ஆண்டுகளில் நடந்த வேலை அது.

அவர்கள் கண்டதை வரிசையாகப் பார்க்கலாம். விஷத்தில் பல புரதங்கள் உண்டு. அவற்றில் இரண்டு நொதிகள் ரத்தத்தின் பத்தாம், ஐந்தாம் உறைகாரணிகளைக் குறிவைத்து வெட்டி விழிக்கச் செய்கின்றன. ரத்தம் உறைவது ஒரே தாவலில் நடப்பதில்லை. ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, படிக்குப் படி வேகம் பெருகி, கடைசியில் த்ராம்பின் பிறந்து, கரைந்து ஓடிக்கொண்டிருந்த ஃபைப்ரினோஜனை வலைநூலாக்குகிறது. இந்தப் படித்தொடரை 1964இல் வரைந்து காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் க்வின் மெக்ஃபர்லேன். விரியன் விஷம் மேல்படிகளைத் தாண்டி நேரே நடுப்படியில் கால் வைக்கிறது. உடல் முழுக்க, காயமில்லாத இடங்களிலும், த்ராம்பின் உண்டாகிறது. ஒருவரின் ரத்தத்தில் உள்ள மொத்த ஃபைப்ரினோஜன் 10 கிராம் சுற்றுவட்டாரம்தான். ஈரல் புதிதாகச் செய்து தருவதற்குள் அது தீர்ந்துபோகிறது. உறைய வைக்கும் விஷத்தால் ரத்தம் உறையாமல் போவதன் காரணம் இதுவே. இதற்கு நேர்மாறான சோதனையையும் மெக்ஃபர்லேன் முன்பே செய்திருந்தார் என்பதுதான் வியப்பு. 1934இல், எட்டாம் உறைகாரணி இல்லாத ரத்தப்போக்கு நோயாளிகளுக்கு, இதே விரியன் விஷத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்துக் காயத்தின் மேல் தடவினார், ரத்தம் நின்றது. அவருடைய துணை ஆய்வாளர் பர்கெஸ் பார்னெட் லண்டன் காட்சிசாலையில் பாம்புகளைக் கவனித்தவர், பின்னாளில் ரங்கூன் விலங்குக் காட்சிசாலையின் பொறுப்பேற்றுப் போனார். ஒரே பொருள், ஒரே வேதிவினை. காயத்தின் மேற்பரப்பில் அது மருந்து, ஓடும் ரத்தத்தில் எமன். ஒரு பொருள் என்ன செய்யும் என்பதை அதன் குணம் மட்டும் முடிவு செய்வதில்லை, உடலில் அது நிற்கும் இடமும் சேர்ந்து முடிவு செய்கிறது. உடலின் ஒழுங்கு என்று நாம் பேசுவதன் பொருளில் பாதி இந்த இடம் சார்ந்த கட்டுப்பாடுதான். உறைதல் காயத்தில் நடக்க வேண்டும், அதற்கு ஓர் அங்குலம் தள்ளி நடக்கக் கூடாது.

அடுத்து, தந்துகிகளின் சுவர். ஒரே ஒரு செல்லின் தடிமன் உள்ள அந்தச் சுவர்தான் ரத்தத்துக்கும் திசுவுக்கும் நடுவிலுள்ள எல்லை. பர்மிய நோயாளிகளில் பலருக்கு அந்தச் சுவர் கசியத் தொடங்கியது. விழிவெண்படலம் நீர்கோத்து, இமைகளுக்கு நடுவே பிதுங்கி நிற்கும். இதைக் கண்டால் நோய் கடுமையாகப் போகிறது என்று மருத்துவர்கள் உஷாராவார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் வடிந்துவிட, அணுக்கள் மட்டும் மிஞ்சி ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்ததும் கழுத்து ரத்தக்குழாயிலுள்ள உணர்விகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, இதயம் வேகமெடுக்கிறது, தோலின் நாளங்கள் சுருங்குகின்றன, கைகால் சில்லிட்டுப் போகிறது. இது வரை நடப்பதெல்லாம் உடல் தன்னைக் காக்கச் செய்வது. ஆனால் அதே சுருக்கம் சிறுநீரகத்தின் நாளங்களிலும் நடக்கிறது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து 300 கிராம் இருக்கும், உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அவை வாங்கிக்கொள்கின்றன. நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவத்தை வடித்து, ஒன்றரை லிட்டர் போக மிச்சம் அத்தனையையும் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே தருகின்றன. இந்த உறிஞ்சும் வேலைக்கு நுண்குழல் செல்கள் ஏராளமாக ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. வரவு குறைந்தால் முதலில் சாவது அவைதான். அதோடு, மேலே சொன்ன கண்டபடி உறைதலில் உருவான நுண்கட்டிகள் சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளை அடைக்கின்றன. விஷம் நேரடியாகவும் தாக்குகிறது. சிறுநீர் நின்றுபோகிறது. மியான்மரில் விரியன் கடி மரணங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறுநீரக முடக்கத்தால்தான் நேர்ந்திருக்கின்றன. சிறுநீரகம் நின்றதும் அதன் பொறுப்பிலிருந்த கணக்குகள் ஒவ்வொன்றாகப் பிசகுகின்றன. பொட்டாசியம் ரத்தத்தில் ஏறுகிறது, அது ஏறினால் இதயத்தின் தாளம் தப்புகிறது. அமிலம் சேர்கிறது, அதைக் கரியமிலவாயுவாக வெளித்தள்ள நுரையீரல் மூச்சிரைக்கிறது. யூரியாவோடு பிற கழிவுகளும் தேங்கிப் புத்தி தடுமாறுகிறது. அந்தக் கழிவுகளே ரத்தத் தட்டணுக்களை மழுங்கச் செய்து, நச்சுமுறி மருந்தால் சீராகி வந்த ரத்தத்தை மறுபடியும் கசிய வைக்கின்றன. சங்கிலி சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. இதில் எந்த இடத்தில் ரத்த மண்டலம் முடிந்து கழிவுநீக்க மண்டலம் தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது.

1987ஆம் ஆண்டுக் கட்டுரைதான் எல்லாவற்றிலும் ஆழமானது. கபாலத்தின் அடியில், குதிரைச் சேணம் போன்ற எலும்புக் குழியில், அரை கிராம் எடையில் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கிறது. தைராய்டு, அட்ரினல், விந்தகம், சூலகம் ஆகியவற்றுக்கு ஆணை தருவது அதன் முன்பகுதி. அந்த முன்பகுதிக்கு ரத்தம் பெரும்பாலும் நேராகத் தமனியிலிருந்து வருவதில்லை. மேலேயுள்ள ஹைப்போதலாமஸின் தந்துகிகளில் ஒருமுறை பாய்ந்து முடித்த ரத்தம், சிறு சிரைகள் வழியாக இறங்கி வந்து இங்கே மறுபடியும் தந்துகிகளாகப் பிரிகிறது. வாய்க்காலின் கடைமடை வயலைப் போன்ற நிலை அது. தலைமடையில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. ஹைப்போதலாமஸ் சுரக்கும் துளியளவு சமிக்ஞைகள் உடல் முழுக்கச் சுற்றி நீர்த்துப்போகாமல், நேரே சுரப்பியில் போய்ச் சேர இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் ரத்த அழுத்தம் சரிந்து, நுண்கட்டிகளும் கசிவும் கூடும்போது, அதே வழி சுரப்பியைச் சாகவிடுகிறது. விரியன் கடித்து இறந்தவர்களின் பிட்யூட்டரியில் ரத்தம் கசிந்திருப்பதையும் திசு செத்திருப்பதையும் கண்டதோடு, கடித்துப் பிழைத்து நீண்டகாலம் கழித்து வந்த நோயாளிகளிடம் பிட்யூட்டரி முடங்கியதன் முழு அடையாளங்களையும் பர்மிய ஆய்வாளர்கள் கண்டார்கள். சோர்வு, குளிர் தாங்காமை, உடல்முடி உதிர்தல், ஆண்மைக் குறைவு, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்றல். இதே படத்தை ஹெரால்ட் ஷீஹன் 1937இலேயே வரைந்திருந்தார். அவர் பார்த்தவர்கள் பாம்பைக் கண்ணாலும் காணாதவர்கள், பிரசவத்தில் பெருவாரியாக ரத்தம் இழந்த ஸ்காட்லாந்துத் தாய்மார்கள். அவர்களுக்குப் பால் சுரக்காமல் போனதுதான் முதல் அடையாளம்.

இங்கே முதல் மறுப்பு எழும். விஷம் ஒரே அம்பு இல்லை, ஒரு கட்டு அம்புகள். ஒரு புரதம் உறைதலைத் தாக்குகிறது, இன்னொன்று தந்துகிச் சுவரை, வேறொன்று சிறுநீரகச் செல்லை. பல உறுப்புகள் விழுவது பல அம்புகள் பட்டதால், உறுப்புகளின் பிணைப்பால் அல்ல என்று வாதிடலாம். இதில் உண்மை உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கண்ணாடி விரியன் கடித்தால் இமை தொங்குவதும் தசை சிதைந்து சிறுநீர் கருப்பதும் காணப்படும். பர்மியக் கடியின் முத்திரை தந்துகிக் கசிவும் பிட்யூட்டரி ரத்தக்கசிவும். விஷத்தின் சேர்மானம் ஊருக்கு ஊர் மாறுவதால் நோயின் முகமும் மாறுகிறது. ஆனால் ஷீஹனின் தாய்மார்கள் இந்த வாதத்தின் வேரை அறுக்கிறார்கள். அங்கே விஷமே இல்லை, ரத்தம் குறைந்தது மட்டும்தான். அதற்கே அதே சுரப்பி அதே விதமாகச் செத்தது. கடுமையான தொற்றில் ரத்த அழுத்தம் சரிந்தவர்களுக்கும் அதே சிறுநீரக நுண்குழல்கள்தான் முதலில் சாகின்றன. அம்புகள் பல என்பதை ஒப்புக்கொள்ளலாம். எந்த உறுப்பு எந்த வரிசையில் விழும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அவ்வுறுப்பு ரத்தப் பாதையில் எங்கே நிற்கிறது, எவ்வளவு ஆக்சிஜனுக்கு அடிமை என்ற இரண்டும்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நேர்மையானது. நோயைக் காட்டி ஆரோக்கியத்தை விளக்கலாமா? எரிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்து வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியுமா? சொல்லலாம், கடியேதும் படாத ஒரு சாதாரண நாளில் அதே பாதைகள் வேலை செய்வதைக் காட்ட முடிந்தால். ஐப்பசி கார்த்திகையில் மழை ஓய்ந்து, யாங்கூன் பகுதியில் கதிர் முற்றிய வயலில் ஒருவர் குனிந்து அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்யும் தசை வெப்பத்தை உண்டாக்குகிறது, ரத்தம் அதை ஏந்திக்கொண்டு தோலுக்கு வருகிறது, வியர்வை ஆவியாகிக் குளிர்விக்கிறது. வியர்வையில் போகும் நீரால் ரத்தத்தின் உப்புச்செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு கூடியதுமே ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது, பிட்யூட்டரியின் பின்பகுதி வழியாக வாசோபிரெஸினை விடுகிறது. சிறுநீரகம் அதைக் கேட்டுச் சிறுநீரைச் சுருக்குகிறது. நீரின் அளவே குறையத் தொடங்கினால் சிறுநீரகம் ரெனினைச் சுரந்து, அது ஆஞ்சியோடென்சினாகி, அட்ரினலைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைக் கிளப்பி, உப்பைத் தக்கவைக்கிறது. மதியம் வேலை முடியும் முன் மூளை, சுரப்பிகள், சிறுநீரகம், இதயம், தோல் எல்லாம் ஒரே கணக்கைப் பலமுறை சரிபார்த்துவிடுகின்றன. அறுப்பவருக்குத் தாகம் எடுத்தது மட்டும்தான் தெரியும். கடித்த பிறகு விழுந்த உறுப்புகளின் பட்டியலையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றேதான். ஆரோக்கியத்தில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளை நோய் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறதே தவிர, புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை.

மூன்றாவது, மருத்துவத் துறையின் உள்ளிருந்தே வரும் கேள்வி. உடலைப் பிரித்துப் பிரித்துப் படித்ததால்தானே மருத்துவம் இவ்வளவு வளர்ந்தது? சிறுநீரக நிபுணர் சிறுநீரகத்தைப் பார்க்கிறார், டயாலிசிஸ் இயந்திரம் ஓர் உறுப்பின் வேலையை வெளியே நின்று செய்கிறது, நோயாளி பிழைக்கிறார். நுண்குழல் செல்கள் மட்டும் செத்திருந்தால் சில வாரங்களில் அவை மறுபடி முளைத்துவிடும், அது வரை இயந்திரம் தாங்கிக்கொண்டால் போதும். உண்மைதான், இந்த வெற்றியைச் சிறிதும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் டயாலிசிஸ் ஏன் பலிக்கிறது? சிறுநீரகம் மற்ற உறுப்புகளோடு பேசுவது பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக என்பதால்தான், கையிலோ கழுத்திலோ ஒரு குழாயைச் செருகி, படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பெட்டியை அதன் இடத்தில் உட்கார வைக்க முடிகிறது. அந்தப் பெட்டியின் எல்லையும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. நிரந்தரமாகச் சிறுநீரகம் போனவருக்கு, கழிவை எவ்வளவு நன்றாக வடித்தாலும், ரத்தசோகை வருகிறது, எலும்பு மெலிகிறது. எலும்பு மஜ்ஜைக்குச் சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபொய்டினும், வைட்டமின் டி-யின் செயல்வடிவமும் சிறுநீரகத்தில் பிறக்கின்றன. வடிகட்டி என்று நாம் வைத்த பெயருக்குள் அவை அடங்கவில்லை. நிபுணத்துவம் தவறில்லை. ஓர் உறுப்பின் பெயரை அதன் முழு வேலை என்று எண்ணிவிடுவதுதான் தவறு.

எதிர்த் திசையிலிருந்து நான்காவதாக ஒரு குரல் வரும், நம் நாட்டிலும் பர்மாவிலும் அது உரத்த குரல். உடல் ஒன்றே, உறுப்புகள் பிணைந்தவை என்பதை வாதம், பித்தம், ஐயம் என்று சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்களே, பர்மிய நாட்டு வைத்தியமும் பூதங்களின் சமநிலையைத்தானே பேசுகிறது, இதில் புதிதாக என்ன? முழு உடலையும் ஒன்றாகப் பார்க்கும் அந்தக் கண் மதிக்கத்தக்கது, பிரித்துப் படித்த மருத்துவம் பல காலம் அதை இழந்தும் இருந்தது. ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தது என்று மட்டும் சொன்னால், கடிபட்டவருக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. எந்தப் பொருள், எந்த வழியில், எந்த வேகத்தில் போகிறது என்று சொல்லத் தெரிந்தால்தான் அந்த வழியில் குறுக்கே நிற்க முடியும். கடிவாயைக் கீறி விஷத்தை எடுக்கும் பழக்கம் இரு நாடுகளிலும் உண்டு. உறையாத ரத்தமுள்ளவரைக் கீறினால் நிற்காத ரத்தப்போக்கைத்தான் வரவழைப்போம். இறுக்கிக் கட்டினால் ரத்தம் போகாமல் கால் அழுகலாம். விஷம் முதலில் நிணநீர் வழியாகப் பரவுகிறது என்ற அறிவிலிருந்து துன் பே குழுவினர் வேறொரு வழியைச் சோதித்து 1995இல் எழுதினார்கள். கடிவாயின் மேல் ஒரு சிறு திண்டு வைத்துத் துணியால் அழுத்திக் கட்டி, காலை அசையாமல் வைத்தால், விஷம் ரத்தத்தில் சேர்வது தாமதமாகிறது. திண்டும் துணியும் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும் பொருள்கள். முழுமை என்ற கருத்து இவ்வளவு துல்லியமான பாதையாக மாறும்போதுதான் அது உயிர் காக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030க்குள் மரணங்களையும் ஊனங்களையும் பாதியாகக் குறைப்பது இலக்கு. மரணத்தை எண்ணலாம், வெட்டிய காலையும் எண்ணலாம். பிட்யூட்டரி முடங்கியவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை, ஏனென்றால் அவர் நடந்தேதான் வீடு திரும்பினார். இலங்கையிலும் இந்தியாவிலும் இப்படிப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கைகள் வந்திருக்கின்றன. கடித்து நெடுநாள் கழித்து ஒரு கிராமத்து மருத்துவமனைக்கு அவர் சோர்வென்று வருவார். குளிர்கிறது, மலச்சிக்கல், முகம் ஊதியிருக்கிறது என்பார். தைராய்டு என்று யாருக்கும் தோன்றும். வழக்கமான சோதனையில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை மட்டும் அளந்தால் அது இயல்பான அளவிலேயே இருந்து நோயை மறைக்கலாம், ஏனென்றால் அதைச் சுரக்க வேண்டிய சுரப்பியே செத்திருக்கிறது. தைராக்ஸினையும் சேர்த்து அளந்து குறைவென்று கண்டு, உடனே தைராக்ஸின் மாத்திரை கொடுத்தால் அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. தைராக்ஸின் உடலின் வேகத்தைக் கூட்டி, கார்ட்டிசாலின் தேவையையும் அது அழியும் வேகத்தையும் ஏற்றிவிடும். பிட்யூட்டரி முடங்கியவரிடம் கார்ட்டிசால் ஏற்கெனவே வறண்டிருப்பதால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஹைட்ரோகார்ட்டிசோனை முதலில் கொடுத்து, பிறகுதான் தைராக்ஸினைத் தொடங்க வேண்டும் என்ற வரிசை அதனால் வந்தது. இரண்டும் விலை குறைந்த பழைய மருந்துகள். ஆகவே விரியன் கடித்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும், முக்கியமாக ரத்த அழுத்தம் சரிந்தவர், சிறுநீர் நின்றவர், கண் ஊதியவர் சீட்டில், சில மாதங்கள் கழித்துக் காலை நேரக் கார்ட்டிசாலையும் தைராக்ஸினையும் ஒன்றாக அளக்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். கடித்த பாம்பின் பெயரையும் தேதியையும் அதே சீட்டில் எழுதினால், பின்னாளில் அவரைப் பார்க்கும் மருத்துவருக்குச் சோர்வின் காரணத்தைக் காலிலிருந்து தேடத் தோன்றும்.